ராஸ் பார்ன்ஸை வீழ்த்தியது விதியா, காய்ச்சலா?

கேள்வியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன். "1876-இல் .429 சராசரியுடன் அமெரிக்க பேஸ்பாலில் முதலிடம் பிடித்த மட்டையாளராக இருந்த ராஸ் பார்ன்ஸ், அடுத்த ஆண்டு ஒரு விதியை மாற்றியதும் ஒன்றுமில்லாமல் போய்விட்டாராமே, அப்படியென்றால் அவர் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, விதியில் இருந்த ஓட்டையால் பிழைத்தவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவருடைய ஆட்டம் சரிந்ததற்கு என்ன காரணம் என்பது ஒன்று. சரிவதற்கு முன் அவர் ஆடிய ஆட்டத்துக்கு என்ன மதிப்பு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடையை வைத்தே இரண்டாவதையும் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அதுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் பத்தொன்பது ஆண்டுகள் மாவட்ட லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோரராக இருந்தவன். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொழுது கிடைக்கும்போதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு பேஸ்பாலின் ஸ்கோர் அட்டைகளைப் படித்து வருகிறேன். ஆகவே ஓர் எண் எப்படிப் பதிவாகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்ற பக்கத்திலிருந்துதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்காக முதலில் அந்த .429 என்ற எண்ணைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் மட்டையாளர் தமக்குக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை முறை பந்தை அடித்துத் தம் அடியின் பலத்தாலேயே ஒரு பேஸையாவது (ஓட்டம் எடுக்கச் சுற்றி ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) பத்திரமாகச் சென்றடைந்தார் என்பதன் விகிதமே சராசரி. அப்படிப்பட்ட அடிக்கு ஹிட் என்று பெயர். பத்து வாய்ப்பில் மூன்று முறை, அதாவது .300, எடுப்பவர் இன்றும் நல்ல மட்டையாளர். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் ஒரு முழுப் பருவத்தில் .400-ஐத் தொட்ட கடைசி ஆட்டக்காரர் 1941-இல் .406 எடுத்த டெட் வில்லியம்ஸ். பார்ன்ஸ் 1876-இல் 322 வாய்ப்புகளில் 138 ஹிட்கள் எடுத்தார், அதுதான் .429. அந்த ஆண்டு 'வாக்' மூலம், அதாவது எறிபவர் சரியாக எறியாததால் அடிக்காமலேயே முதல் பேஸ் கிடைத்து, அவர் 20 முறை பேஸுக்குப் போனார். அவற்றையும் வாய்ப்புகளாகச் சேர்த்துக் கணக்கிட்டால் 342-க்கு 138, அதாவது .404. சில பழைய பட்டியல்களில் .404 என்று பார்த்துக் குழம்பியிருந்தீர்களானால், இரண்டும் ஒரே பருவத்தின் எண்கள்தாம். கணக்கிடும் முறைதான் வேறு. எப்படிக் கணக்கிட்டாலும் அவரே முதலிடம். இரண்டாமிடத்தில் வந்த ஜார்ஜ் ஹாலின் சராசரி .366.

சார்ல்ஸ் ராஸ்கோ பார்ன்ஸ் 1850 மே 8-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் மாரிஸ் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில். அவ்வூரின் ஃபாரஸ்ட் சிட்டி அணியில் அவரும் ஆல்பர்ட் ஸ்பால்டிங்கும் பதினேழு வயதுப் பையன்களாக ஆடிக்கொண்டிருந்தபோது, 1867 ஜூலை 25 அன்று சிகாகோவில் வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற பெரிய அணியைச் சந்தித்தார்கள். கிழக்கிலிருந்து சுற்றுப்பயணமாக வந்து வழியிலுள்ள அணிகளையெல்லாம் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த அணி அது. ராக்ஃபோர்ட் பையன்கள் 29-23 என்று வென்றார்கள். இரண்டே நாளில் அந்த நேஷனல்ஸ் சிகாகோவின் பெருமைக்குரிய எக்ஸெல்சியர் அணியை 49-4 என்று நொறுக்கியதைப் பார்த்தால், ராக்ஃபோர்டின் வெற்றி எப்படிப்பட்டது என்பது விளங்கும்.

அக்காலத்தில் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது விதிப்படி குற்றம். ஆனால் கொடுத்தார்கள். அந்த நேஷனல்ஸ் அணியின் நட்சத்திரமான ஜார்ஜ் ரைட், பென்சில்வேனியா அவென்யூவில் ஒரு முகவரியில் குமாஸ்தாவாக வேலை பார்ப்பதாகப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. அந்த முகவரியில் இருந்தது ஒரு பொதுப் பூங்கா. இந்த வேடம் 1869-இல் கலைந்தது. அவருடைய அண்ணன் ஹாரி ரைட் சின்சினாட்டியில் வெளிப்படையாகவே சம்பளம் வாங்கும் அணியை அமைத்தார். ஹாரி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். தந்தை நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர். கிரிக்கெட்டில் ஊறிய குடும்பம் அது. அந்த ஹாரிதான் 1871-இல் பாஸ்டனுக்குப் போய் ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியை உருவாக்கியபோது ராக்ஃபோர்டிலிருந்து ஸ்பால்டிங்கையும் பார்ன்ஸையும் கையோடு அழைத்துக்கொண்டார். அதே ஆண்டு மார்ச் 17-இல் நியூயார்க்கில் கூடிய அணிகள், தொழில்முறை ஆட்டக்காரர்களின் முதல் சங்கமான நேஷனல் அசோசியேஷனைத் தொடங்கின. பத்து டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தினால் எந்த அணியும் சேரலாம் என்பது ஏற்பாடு. இந்தப் பத்து டாலர் பின்னால் பார்ன்ஸின் பெயருக்கே வினையாக முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாஸ்டன் 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன். 1875-இல் அவர்கள் வென்றது 71, தோற்றது 8. இரண்டாம் பேஸில் நின்ற பார்ன்ஸின் சராசரி 1871-இல் .401; 1872, 1873 இரண்டிலும் .430-ஐ ஒட்டி. ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டங்களை மறுபடி எண்ணும்போதெல்லாம் கடைசி இலக்கம் சற்று மாறும்; .430-ஐ ஒட்டி என்பது மாறவில்லை. பின்பு 1874-இல் .340, 1875-இல் .364. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் வாதத்தில் இவை முக்கியமான சாட்சிகள். களத்தடுப்பில் கையுறை இல்லாத காலம் அது. வெறுங்கையால், இருபுறமும் நெடுந்தூரம் ஓடிப் பந்தை எடுத்து எறிபவர் என்றும், பேஸ்களுக்கிடையே ஓடுவதில் மிகத் தேர்ந்தவர் என்றும் உடன் ஆடியவர்களும் எழுதியவர்களும் ஒருமித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிறு விலகல், கிரிக்கெட் வாசகர்களுக்காக. 1874 கோடையில் ஹாரி ரைட் தம் பாஸ்டன் அணியையும் பிலடெல்பியாவின் அத்லெடிக்ஸ் அணியையும் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். பார்ன்ஸும் போனார். பேஸ்பாலைக் காட்டுவதற்காகப் போனவர்கள், மரியாதைக்குக் கிரிக்கெட்டும் ஆட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்திலேயே ஆடினார்கள். பதினெட்டுப் பேராகக் களமிறங்க அனுமதி இருந்ததென்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பயணத்தில் ஆடிய ஒரு கிரிக்கெட் ஆட்டத்திலும் அவர்கள் தோற்கவில்லை. பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் அவர்களுக்கிருந்த தேர்ச்சிதான் பெரும்பாலும் கைகொடுத்தது.

1875-இன் நடுவிலேயே சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட், பாஸ்டனின் நான்கு தூண்களான ஸ்பால்டிங், பார்ன்ஸ், கால் மெக்வே, டீக்கன் வைட் ஆகியோரோடு அடுத்த ஆண்டுக்கு இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டார். செய்தி கசிந்துவிட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த பாஸ்டனில், தெருப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்துப் பிரிவினைக்காரர்கள் என்று ஏசியதாக ஸ்பால்டிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டே அந்தப் பருவத்தையும் வென்று கொடுத்துவிட்டுத்தான் நால்வரும் புறப்பட்டார்கள். 1876 பிப்ரவரி 2-இல் ஹல்பர்ட் முன்னின்று நேஷனல் லீக்கைத் தொடங்கினார். இன்றும் நடக்கும் அதே லீக்தான். பிலடெல்பியாவிலிருந்து கேப் ஆன்சனும் வந்து சேர, சிகாகோ 52 ஆட்டங்களில் வென்று 14-இல் மட்டும் தோற்று முதல் சாம்பியன் ஆனது. பார்ன்ஸுக்கு அது தொடர்ந்து ஐந்தாவது சாம்பியன் பட்டம். சராசரி, ஹிட், இரட்டை பேஸ் அடி, மூன்று பேஸ் அடி, வாக், ஓட்டம் என்று ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் அவர் பெயரே முதலில் நின்றது. 66 ஆட்டங்களில் 126 ஓட்டங்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு. மே 2 அன்று சின்சினாட்டியில் அவர் அடித்தது நேஷனல் லீக் வரலாற்றின் முதல் ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி வந்து எடுக்கும் ஓட்டம். அந்த ஆண்டு முழுவதும் அவர் அடித்த ஒரே ஹோம் ரன்னும் அதுதான். அந்தக் கால ஆட்டம் எவ்வளவு தரையோடு தரையாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

இனி அந்த விதிக்கு வருவோம். மட்டையாளர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வழியாக ஒரு கோடும் மூன்றாம் பேஸ் வழியாக ஒரு கோடும் போகும். இரண்டுக்கும் நடுவில் விழும் பந்து செல்லுபடியாகும். வெளியே விழுந்தால் ஃபவுல். இன்றைய விதிப்படி, தரையில் உருளும் பந்து முதல் பேஸையோ மூன்றாம் பேஸையோ கடக்கும் வரை கோட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். 1876 வரை அப்படியில்லை. பந்து முதலில் தரையைத் தொட்ட இடம் கோட்டுக்கு உள்ளே என்றால் போதும்; அதன் பிறகு எங்கு ஓடினாலும் ஆட்டம் தொடரும். இதைப் பார்த்துப் பிறந்ததே 'ஃபேர்-ஃபவுல்' என்ற அடி. மட்டையாளர் பந்தை மேலிருந்து கீழாக வெட்டி, தம் காலுக்குச் சற்று முன்னால், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே குத்தவிடுவார். சுழலோடு எழும்பும் பந்து கோட்டைத் தாண்டி வெளியே, மூன்றாம் பேஸில் நிற்பவருக்கும் எட்டாமல் ஓடும். அவர் வெளிமைதானத்தில் துரத்திப் பிடித்து முதல் பேஸுக்கு எறிவதற்குள் மட்டையாளர் அங்கே போய் நின்றுவிடுவார். இதன் தொடக்கத்தை டிக்கி பியர்ஸ் என்ற மூத்த ஆட்டக்காரருக்கு உரியதாகச் சொல்வார்கள். பார்ன்ஸ் இதில் கைதேர்ந்தவர்.

எங்கள் ஊரில் சாஃப்ட்பால் ஆடும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைக் கூட்டி ஒரு மாலை இதைச் செய்து பார்த்தோம். 45 அடித் தூரத்தில் ஒருவரை நிறுத்தி, அக்கால வழக்கப்படி இடுப்புக்குக் கீழிருந்து கை வீசி எறியச் சொன்னோம். கோட்டைச் சுண்ணாம்பால் போட்டோம். நல்ல மட்டையாளராக இருந்த பையன் வெட்டிய பந்துகளில் முக்கால்வாசி கோட்டுக்கு வெளியேதான் முதலில் குத்தின. உள்ளே குத்தியவற்றில் பெரும்பாலானவை நேராக எறிந்தவர் கைக்கே உருண்டு போயின. பந்து உள்ளே குத்தி வெளியே சுழன்று ஓடியது இரண்டு மூன்று முறைதான். ஒவ்வொரு முறையும் பந்து குத்திய இடத்தில் சுண்ணாம்புக்கு நாலு விரல் உள்ளே ஒரு சிறு குழி விழுந்திருந்தது. உருண்டை மட்டையின் எந்தப் பகுதி பந்தின் எந்தப் பகுதியைத் தொட வேண்டும் என்பதில் ஓர் அங்குலம் பிசகினாலும் பயனில்லை. ஆயுள் முழுவதும் அதையே பழகியவரின் தரத்தைப் புதிதாகக் கையில் எடுத்த பையனைக் கொண்டு அளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதை யாரும் செய்யலாம், விதி இருந்ததால் கிடைத்தது என்று பேசுபவர்களுக்கு அந்தச் சுண்ணாம்புக் கோட்டைக் காட்ட வேண்டும் என்று அன்று தோன்றியது.

அந்த அடியின் மற்றொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. மட்டையாளர் ஃபேர்-ஃபவுல் அடிக்கக்கூடியவர் என்றால் மூன்றாம் பேஸ்காரர் தம் இடத்தை விட்டுக் கோட்டை ஒட்டி, சில சமயம் கோட்டுக்கு வெளியேயே, நகர்ந்து நிற்க வேண்டும். அப்போது அவருக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவில் ஒரு வாசல் திறக்கிறது. பார்ன்ஸ் அந்த வாசல் வழியாகவும் அடிப்பார். ஆகவே விதியின் பயன் ஃபேர்-ஃபவுல் அடிகளின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. வழக்கமான அடிகளுக்குள்ளும் அது கலந்திருக்கிறது. விதியால்தான் அவர் உயர்ந்தார் என்று சொல்பவர்களுக்குச் சாதகமான வாதம் இது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

1876 பருவம் முடிந்ததும் விதி மாற்றப்பட்டது. பந்து முதலில் எங்கே குத்தியது என்பதில் நடுவர்களுக்கு ஓயாத தகராறு என்பதும், வெளியே ஓடும் பந்துக்குப் பரிசு கொடுப்பது ஆட்டத்தைக் கெடுக்கிறது என்ற எண்ணமும் காரணங்கள். 1877-இல் பார்ன்ஸ் 22 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார், சராசரி .272. சாம்பியனாக இருந்த சிகாகோ ஆறு அணிகளில் ஐந்தாவதாக முடித்தது. விதி மாறியது, எண் விழுந்தது, ஆட்டக்காரர் மறைந்தார் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதால்தான் இந்தக் கதை இவ்வளவு பரவியது.

ஆனால் அந்த 22 என்ற எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். விதி மாறியதால் ஒருவருக்கு ஹிட் குறையலாம், ஆட்டங்கள் குறையாது. பார்ன்ஸ் களத்தில் இல்லாததற்குக் காரணம் அந்த ஆண்டு அவரைப் படுக்கையில் தள்ளிய முறைக்காய்ச்சல். குளிர் நடுக்கத்தோடு வந்து, விட்டு, மறுபடி வரும் காய்ச்சலை அக்காலத்து ஆங்கிலத்தில் 'ஏக்யூ' என்பார்கள். இல்லினாய் உள்ளிட்ட மத்திய மேற்கின் சதுப்பு நிலங்களில் மலேரியா அப்போது சாதாரணம். மலேரியாக் கிருமியை லவெரான் கண்டது 1880-இல்; கொசுவுக்கும் அதற்குமுள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். எனவே 1877-இல் 'ஏக்யூ' என்று ஒரு மருத்துவர் எழுதினால், நடுக்கத்தோடு கூடிய எந்தக் காய்ச்சலாகவும் அது இருந்திருக்கலாம். பார்ன்ஸுக்கு வந்தது மலேரியாதான் என்று உறுதியாக எழுதுபவர்கள் தேவைக்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கிறார்கள். அவர் நோயுற்றார், பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார், நோய் நீங்கியும் பழைய வலு திரும்பவில்லை என்பவை மட்டுமே நிலையானவை.

ஒரு ஸ்கோரராக நான் வைக்கும் முதல் ஆட்சேபம் இது. 22 ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் நூறுகூட இல்லை. அந்த அளவில் எட்டு ஹிட் கூடினால் சராசரி .350-ஐத் தாண்டியிருக்கும். எங்கள் லீக்கில் ஒரு பருவம் முழுவதும் ரன் குவித்தவர் அடுத்த பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒற்றை இலக்கத்தில் அவுட் ஆவதை எத்தனையோ முறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நோயாளி ஒருவரின் நூறுக்கும் குறைந்த வாய்ப்புகளை வைத்து விதி மாற்றத்தின் விளைவை அளக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் லீக் முழுவதையும் பற்றியது. ஃபேர்-ஃபவுல் அடி சராசரிகளைப் பெரிதாக ஊதிக்கொண்டிருந்தது என்றால், அது ஒழிந்த ஆண்டில் லீக்கின் மொத்தச் சராசரி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை; 1876-இல் சுமார் .265 ஆக இருந்தது 1877-இல் சுமார் .271 ஆனது. பாஸ்டனுக்குத் திரும்பிப் போன டீக்கன் வைட் அந்த ஆண்டு .387 எடுத்து முதலிடம் பிடித்தார். இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு: ஃபேர்-ஃபவுலை நம்பியிருந்தவர்கள் சிலரே என்றால், அவர்களுடைய இழப்பு லீக் சராசரியில் கரைந்துவிடும். ஆகவே இது விதி ஒரு பொருட்டே அல்ல என்று நிறுவவில்லை; எல்லோரையும் தூக்கி நிறுத்திய ஊன்றுகோல் அது இல்லை என்பதை மட்டும் காட்டுகிறது.

மூன்றாவது, முன்பு நினைவில் வைக்கச் சொன்ன .340-உம் .364-உம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அதே பழைய விதிதான் இருந்தது. அதே பார்ன்ஸ்தான் ஆடினார். ஒரே விதிக்குள் அவருடைய சராசரி .340-க்கும் .430-க்கும் இடையில் ஏறி இறங்கியிருக்கிறது என்றால், .429-ஐ விதி ஒன்றே விளைவித்தது என்று எப்படிச் சொல்வது? 1876-இல் அவர் அடித்த 14 மூன்று பேஸ் அடிகளையும் பாருங்கள். கோட்டுக்கு வெளியே உருண்டோடும் வெட்டுப் பந்தில் சில சமயம் இரண்டு பேஸ் ஓடலாம். மூன்று பேஸ் ஓடுவதற்குப் பெரும்பாலும் வெளிக்களத்தவர்களுக்கு இடையே பலமாக அடித்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று 1877 அல்ல, 1879. அந்த ஆண்டு பார்ன்ஸ் சின்சினாட்டிக்காகப் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பில் 77 ஆட்டங்கள் ஆடினார். ஒரு முழுப் பருவம் ஆடும் அளவுக்கு உடம்பு தேறியிருந்தும் சராசரி .266-தான். மறுபடி 1881-இல் பாஸ்டனில் 69 ஆட்டங்கள், .271. இரண்டுமே லீக் சராசரியை விடச் சற்றே மேல். அதாவது அவர் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. ஒப்பற்றவராக இருந்தவர் சாதாரண நல்ல ஆட்டக்காரர் ஆனார். இதில் காய்ச்சலின் பங்கு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு, அதே ஆண்டுகளில் வளைபந்து பரவி எறிபவர்களின் கை மெல்ல மெல்ல மேலே ஏறி வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வசதியை அக்காலப் பதிவுகள் தரவில்லை. ஒரு செய்தித்தாளின் ஸ்கோர் அட்டையை எடுத்தால், பெயருக்கு நேரே ஐந்து பத்திகள் இருக்கும்: ஓட்டம், ஹிட், அவுட் ஆக்கியது, அவுட்டுக்கு உதவியது, பிழை. 'பார்ன்ஸ் 2 3 4 3 0' என்ற பாணியில் ஒரு வரி. அந்த 3 ஹிட்டில் எது வெட்டுப் பந்து, எது நேரடி அடி என்பது அட்டையில் இல்லை. உடன் வந்த வர்ணனையில் சில ஆட்டங்களுக்கு மட்டும் உண்டு. அவற்றைக் கொண்டு பருவம் முழுவதற்கும் விழுக்காடு சொல்வது சரியாகாது. பார்ன்ஸின் ஹிட்களில் பாதி ஃபேர்-ஃபவுல் என்றோ, பத்தில் ஒன்றுதான் என்றோ எங்காவது படித்தீர்களானால், அது கணிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பைக் கேட்டால், முதல் இடம் காய்ச்சலுக்கு, இரண்டாவது விதிக்கு. கணிப்பு என்ற அளவிலேயே அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காய்ச்சல் அவருடைய ஆட்டத்தோடு நிற்கவில்லை. ஆடாத நாட்களுக்குச் சிகாகோ கிளப் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். உடல் நலிந்து ஆட முடியாமல் போன காலத்துக்குக் கூலி கிடையாது என்பதே தீர்ப்பின் சாரம். முந்தைய ஆண்டு லீக்கின் முதல் மட்டையாளர், பந்தைக் கையுறையில்லாத கையால் தடுத்துத் தடுத்து அந்தக் கிளப்புக்கு முதல் பட்டத்தை வாங்கித் தந்தவர், அவருக்கே நிலைமை இது. தொழில்முறை ஆட்டக்காரர் என்ற சொல்லுக்கு அந்த முதல் தலைமுறைக்கு என்ன பொருள் இருந்தது என்பதை .429-ஐ விட இந்த வழக்குதான் எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. வெளிப்படையாகச் சம்பளம் வாங்கும் உரிமை வந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. காய்ச்சல் வந்தால் அந்தச் சம்பளம் நின்றுவிடும் என்பதையும் அவர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

1878-இல் அவர் எல்லை கடந்து, கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரத்து டெகும்சே அணிக்காக ஆடினார். அவர்கள் ஆடிய மைதானம் லாபட் பார்க் என்ற பெயரில் இன்றும் ஆட்டம் நடக்கும் இடமாக இருக்கிறது. 1881-இல் பாஸ்டனுக்குத் திரும்பியபோது அங்கே மேலாளராக இருந்தவர், பத்து ஆண்டுகளுக்கு முன் அவரை ராக்ஃபோர்டிலிருந்து அழைத்து வந்த அதே ஹாரி ரைட். அத்தோடு ஆட்டம் முடிந்தது, வயது முப்பத்தொன்று. 1890-இல் ஆட்டக்காரர்களே கூடி நடத்திய பிளேயர்ஸ் லீக்கில் நடுவராகச் சில காலம் இருந்தார். பின்னர் சிகாகோவில் அலுவலக வேலை பார்த்து, 1915 பிப்ரவரி 5-இல் காலமானார்.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லை என்பதை ஒரு சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அங்கே ஸ்பால்டிங் இருக்கிறார், ஆன்சன் இருக்கிறார், ரைட் சகோதரர்கள் இருவரும் இருக்கிறார்கள், டீக்கன் வைட் 2013-இல் சேர்க்கப்பட்டார். பார்ன்ஸ் விடுபட்டதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். ஆட்டக்காரராகத் தேர்வு பெறப் பத்து ஆண்டுகள் பெரிய லீக்கில் ஆடியிருக்க வேண்டும். பத்து டாலருக்கு யாரும் சேரலாம் என்றிருந்த நேஷனல் அசோசியேஷனில் சில அணிகள் பாதியில் கலைந்தன, சில வெளியூர்ப் பயணமே போகவில்லை. அந்தச் சீரின்மையைக் காரணம் காட்டி 1969-இல் ஒரு சிறப்புக் குழு அதைப் பெரிய லீக் இல்லை என்று விலக்கியது. அப்போது பார்ன்ஸின் கணக்கில் நின்றவை 1876, 1877, 1879, 1881 என்ற நான்கு ஆண்டுகள். விலக்கிய ஐந்தையும் சேர்த்தாலும் ஒன்பதுதான். ஓர் ஆண்டு குறைகிறது. அதைத் தின்றதும் அந்தக் காய்ச்சலின் காலம்தான். அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழு 2013-இல் அவரை அந்நூற்றாண்டின் கவனிக்கப்படாத மேதையாகத் தேர்ந்தெடுத்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இருந்த விதிக்குள் ஆடுவதே ஆட்டம். அந்த விதி எல்லா மட்டையாளருக்கும் திறந்திருந்தது, அவரளவுக்கு அதைப் பயன்படுத்தும் கை பிறருக்கு வாய்க்கவில்லை. அதை முழுவதுமாகக் கழித்துவிட்டாலும் 499 ஆட்டங்களில் 698 ஓட்டங்கள், வெறுங்கைக் களத்தடுப்பு, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன் அணியின் இரண்டாம் பேஸ் ஆகியவை மிஞ்சுகின்றன. 1871 முதல் 1876 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கு ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஷார்ட்ஸ்டாப்பில் ஜார்ஜ் ரைட்டை எழுதிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் பேஸில் பார்ன்ஸின் பெயரைத் தயங்காமல் எழுதுவேன். 1877-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கென்றால் எழுத மாட்டேன்.